அல்லியம்மையின் கஷாயத்துக்குச் சிவப்பு முத்திரை

வெண்குன்ற நாட்டில் எந்த மருந்தும் நோயாளியின் வாய்க்குப் போகும் முன் திருமேனியாரின் மேசைக்குப் போக வேண்டும். அவர்தான் அரசரின் மருந்துத் தணிக்கை அதிகாரி. அவர் பச்சை முத்திரை குத்தினால் கடையில் விற்கலாம். மஞ்சள் குத்தினால் வைத்தியர் சீட்டு வேண்டும். சிவப்பு குத்தினால் வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

கைநீட்டி ஒரு காசு வாங்காத மனிதர். அவருக்கிருந்த ஒரே நோய்க்குப் பெயர் அல்லியம்மை.

இருவரும் ஒரே வைத்தியக் கல்லூரியில் படித்தவர்கள். ஐந்தாண்டும் அவள் முதலிடம், அவர் இரண்டாமிடம். படிப்பு முடிந்ததும் அவர் பதவிக்குப் போனார். அவள் ஆற்றோரத்தில் ஒரு கொட்டகை போட்டு வைத்தியம் பார்த்தாள். அந்த ஆண்டு மழையோடு விஷக்காய்ச்சலும் வந்தது. அவள் காய்ச்சிக் கொடுத்த கஷாயத்தைக் குடித்தவர்கள் நான்காம் நாள் எழுந்து வயலுக்குப் போனார்கள். திருமேனியார் வீட்டுச் சமையற்காரியே அவர் காதுபட, "அந்தம்மா கைராசிக்காரங்க" என்றாள். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஆணை வெளியானது: 'அதிகம் பேர் குடிக்கும் மருந்தே அதிகம் பேருக்குத் தீங்கு செய்ய வல்லது. ஆகவே ஆற்றோரக் கஷாயம் சிவப்பு.'

குணமான முந்நூற்று நாற்பது பேரின் பெயர்களை எழுதிக்கொண்டு அல்லியம்மை அலுவலகத்துக்கு வந்தாள்.

"இவர்களுடைய சாட்சி செல்லாது," என்றார் திருமேனியார். "மருந்தால் பயனடைந்தவர்கள் ஒருதலைப்பட்சமாகத்தான் பேசுவார்கள்."

"அப்ப செத்தவங்களைக் கூட்டிட்டு வரட்டுமா, திருமேனி?"

எழுத்தர்கள் குனிந்து சிரித்தார்கள். அவர் அதை மறக்கவில்லை.

அதே வாரம் அமைச்சர் தம் மைத்துனர் தயாரித்த காய்ச்சல் மருந்தோடு வந்தார். பெயர் அமுதப் பாகு.

"இதைப் பற்றி இதுவரை ஒரு புகாரும் கிடையாது, அதிகாரியாரே."

"இன்னும் யாருமே குடிக்கவில்லையே?"

"அதனால்தான் சொல்கிறேன். இவ்வளவு களங்கமற்ற வரலாறு வேறு எந்த மருந்துக்கு உண்டு?" அமைச்சர் குரலைத் தாழ்த்தினார். "இது கடைக்கு வந்துவிட்டால் ஆற்றோரத்து அம்மாவை ஜனங்கள் மறந்துவிடுவார்கள்."

பச்சை முத்திரை விழுந்தது.

பாகு இனித்தது, குழந்தைகள் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். பத்தே நாளில் முகம் ஊதி, சிறுநீர் நின்று, பதினோரு குழந்தைகள் இறந்தார்கள். திருமேனியார் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பாகைச் சோதித்தார். படித்த படிப்பு கைவிடவில்லை. சாயப்பட்டறையில் ஊற்றுகிற திரவம் அதில் கலந்திருந்தது. அவர் கை நேராகச் சிவப்பு முத்திரைக்குப் போனது. அப்போது வெளியே ஓர் எழுத்தர் பேசுவது கேட்டது: "இந்தப் பாகு வேணாம்னு அல்லியம்மா அன்னிக்கே சொன்னாங்கப்பா."

கை நின்றுவிட்டது.

மாலையில் வேறோர் ஆணை வந்தது: 'இனி மரணத்தின் காரணமும் இவ்வலுவலகத்தின் ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் பெறாத காரணத்தால் எவரும் இறந்ததாகக் கருதப்படமாட்டார்.'

அல்லியம்மை ஆற்றைக் கடந்து அக்கரை நாட்டுக்குப் போனாள். அந்நாட்டு அதிகாரிகள் கஷாயத்தை நாற்பது நாள் சோதித்துப் பச்சை முத்திரை கொடுத்தார்கள். இக்கரை ஜனங்கள் படகு படகாகக் கிளம்பினார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட அன்றே திருமேனியார், காய்ச்சலுள்ளவர்கள் படகேறக் கூடாது என்று ஆணையிட்டார்.

பிறகு அரசருக்குக் காய்ச்சல் வந்தது.

காலையிலேயே பல்லக்கு படகுத்துறைக்கு வந்துவிட்டது. திருமேனியாரையும் வரவழைத்திருந்தார்கள். "அரசருக்கு மட்டும் விலக்கு. கையெழுத்திடுங்கள்," என்றார் அமைச்சர். திருமேனியார் இட்டார்.

பல்லக்கின் திரை விலகியது. "அந்த அம்மாளின் மருந்து பாதுகாப்பானதுதானே?" என்று அரசர் கேட்டார்.

அவளைப் புகழ்ந்து சொல்லத் திருமேனியாருக்கு மனமில்லை. ஆனால் அரசரின் உயிர். "அதைவிடப் பாதுகாப்பான மருந்தை நான் பார்த்ததில்லை, அரசே."

பின் ஏன் தடை செய்தாய் என்ற அடுத்த கேள்விக்காக அவர் காத்து நின்றார். அரசர் அதைக் கேட்கவில்லை. "நல்லது," என்று சொல்லிவிட்டுப் படகேறினார்.

தடையால் துறையிலேயே நின்றுவிட்ட கூட்டத்திலிருந்து ஒருவன் முன்னால் வந்தான். அவன் தோளில் ஒரு பெண் குழந்தை, காய்ச்சலில் உதடு வெடித்துக் கிடந்தது. "ஐயா, நீங்க சொன்னதை நானும் கேட்டேன். எம் புள்ளைக்கும் அதே மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. படகு கிளம்பப்போவுது."

பேனா இன்னும் அவர் விரல்களில்தான் இருந்தது. அக்கரைப் படித்துறையில் அல்லியம்மை வந்து நிற்பது தெரிந்தது. ஒரே ஒரு கையெழுத்து. இன்னொரு குடும்பம் காலமெல்லாம் அவள் பெயரைச் சொல்லும்.

"விண்ணப்பம் கொண்டுவந்தாயா?" என்று கேட்டார் திருமேனியார்.