மாமியார் வீட்டு மொட்டைமாடியில் ஒரு மீட்டர்

இந்த முறை மாமியாரை அறிவியலைக் கொண்டு வெல்வது என்று முடிவு செய்தேன்.

மாமியார் வீட்டு மாடி காலியாகியிருந்தது. அங்கே குடிபோகலாம் என்றாள் மனைவி. போனால் என் கதி அதோகதி. இப்போது எப்போதாவது கிடைக்கும் மாமியாரின் அறிவுரை, அங்கே சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் கிடைக்கும்.

ஆனால் நான் யார்? ஊரில் எந்தப் பகுதியில் எவ்வளவு இரைச்சல் என்று மீட்டர் வைத்து அளக்கும் உத்தியோகஸ்தன். மாமியார் வீட்டுக்கு மேலேதான் விமானங்கள் இறங்குகின்றன. எங்கள் வீடு இருப்பது லாரி போகும் ரோட்டில். இரண்டையும் அளப்போம், சத்தம் அதிகமான வீடு வேண்டாம் என்றேன்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு அளந்தேன். அலுவலக விதிப்படி அது குற்றம், மாப்பிள்ளை விதிப்படி தற்காப்பு. அறுபது டெசிபல் காட்டியது. அடுத்து மாமியார் வீட்டு மொட்டைமாடி. முக்காலியில் மீட்டரை நிறுத்தினேன். மாமியார் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

இங்கே என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டில் லாரி போகும்போது மனைவி பேசுவது காதில் விழாது. "என்ன?" என்று கேட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அதனால் அவள் உதடு அசைந்தாலே "சரி, சரி" என்று கத்திவிடுவேன். இல்லறம் நல்லறமாகவே ஓடிக்கொண்டிருந்தது.

விமானம் வந்தது. மாடியே அதிர்ந்தது. மனைவி மீட்டர் பக்கத்தில் வந்து நின்றாள். உதடு அசைந்தது. நான் வழக்கப்படி கத்தினேன்.

மீட்டரில் உச்ச அளவு தொண்ணூற்றொன்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? இங்கே மனுஷன் இருக்க முடியுமா?"

"அது இருக்கட்டும். இதுல சத்தமும் பதிவாகும்னு சொல்வீங்களே, கொஞ்சம் போடுங்க."

போட்டேன். விமான இரைச்சலுக்கு நடுவே மைக்கை ஒட்டி அவள் குரல்: "ஏங்க, அளவு என்ன வந்தாலும் அடுத்த மாசம் இங்கேயே வந்துடலாமா?" தொடர்ந்து என் குரல்: "சரி, சரி!"

"காதுல விழாம சொன்னது செல்லாது" என்றேன்.

"அப்போ லாரி போறப்பல்லாம் இத்தனை வருஷமா சொன்னது?"

மாப்பிள்ளை வாக்குக் கொடுத்துவிட்டார் என்று சொல்லி மாமியார் சாவி எடுக்கக் கீழே இறங்கினார்.

தொண்ணூற்றொன்று என்ற அளவாவது என் பக்கம் இருக்கிறதே என்று பதிவை இன்னொரு முறை, நொடி நொடியாகப் பார்த்தேன். விமானம் எண்பத்தெட்டுதான். தொண்ணூற்றொன்று, நான் சொன்ன "சரி".