‘தொக்’ சத்தமும் ஐந்தாம் மாடி லிஃப்டும்

மனித நாகரிகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் நெருப்பு, சக்கரம் என்று இரண்டைச் சொல்லிவிட்டு, மூன்றாவதாக எதைச் சொல்வது என்று தலையைச் சொறிந்தால், குடியிருப்புக் குறைதீர்ப்புப் பிரிவின் தலைவரைப் போய்க் கேட்கலாம். “கீபோர்டுக்கு அடியில இருக்கிற ஸ்விட்ச்” என்று அவர் கண்ணிமைக்காமல் சொல்வார். கேட்டவர் பாதியில் எழுந்து ஓடிவிடாதபடி அறைக் கதவையும் சாத்திவிட்டு, மீதியைச் சொல்வார்.

தலைவருக்கு இந்த ஞானம் கிடைத்தது ஐம்பதாவது பிறந்தநாளன்று. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மைத்துனர் ஒரு கீபோர்டைப் பரிசாகக் கொண்டுவந்து கொடுத்தார். அதுவரை தலைவர் தட்டிவந்தது அலுவலகத்து ரப்பர் கீபோர்டு. ஈரத் துணியை அமுக்குகிற சுகம்தான் அதில் உண்டு. புதியதில் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனித்தனி ஸ்விட்ச், அதற்குள் தனித்தனி ஸ்பிரிங். தலைவர் ஒரு ‘க’ அடித்தார். ‘தொக்’ என்றது. இன்னொரு ‘க’ அடித்தார். மறுபடியும் ‘தொக்’. சாப்பாடு ஆறிப்போகும்வரை அவர் வேறு எழுத்துக்கே போகவில்லை என்று அவர் மனைவி பின்னால் சாட்சி சொன்னார்.

சாதாரண மனிதன் இப்படியொரு இன்பத்தைத் தன் வீட்டோடு வைத்துக்கொள்வான். தலைவர் பொதுநலவாதி. அடுத்த வாரமே பிரிவின் ரப்பர் கீபோர்டுகள் எல்லாம் மூட்டை கட்டப்பட்டு ஸ்டோருக்குப் போயின. ‘விசைகளின் தொடு உணர்வு மற்றும் ஒலி ஒப்பீட்டு ஆய்வுக் குழு’ உதயமாயிற்று. குழுவுக்குத் தலைவர், நம் தலைவர். செயலாளர், ஸ்டோர்கீப்பர். உறுப்பினர், பிரிவின் ஒரே தட்டச்சரான அக்கா. அக்காவைவிடத் தலைவர் ஏழு வயது பெரியவர். ஆனாலும் அந்த அலுவலகத்தில் எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று அறிந்த ஒரே ஜீவன் என்ற முறையில், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

பிரிவின் வேலை எளிமையானது. குழாய் ஒழுகுகிறது, விளக்கு எரியவில்லை, லிஃப்ட் நின்றுவிட்டது என்று குடியிருப்பவர்கள் மனு கொடுப்பார்கள். சரிசெய்யச் சொல்லி அக்கா ஒரு உத்தரவு அடிப்பார். அடித்து முடித்துக் கடைசியில் என்டரைத் தட்டினால், கடிதத்தின் தலைப்பில் எந்த முகவரி இருக்கிறதோ அங்கே அது தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு மனுவுக்கு ஐந்து நிமிடம். இவ்வளவு எளிமையான வேலையில் இத்தனை காலம் யாரும் ஆய்வு நடத்தாமல் இருந்தது நிர்வாகத்தின் பெரிய ஓட்டை என்று தலைவர் வருத்தப்பட்டார்.

மூன்று வகை ஸ்விட்சுகள் வந்து இறங்கின. சிவப்பு, தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு அடிவரை இறங்கும். பழுப்பு, பாதி வழியில் ஒரு சின்ன மேடு ஏறி இறங்கும். நீலம், அமுக்கினால் பேனா மூடியைத் திறக்கிற மாதிரி ‘டக்’ என்று ஊருக்கே சொல்லும்.

“எல்லாம் சரி சார், அடிச்சுப் பாக்க ஏதாவது ஒரு மேட்டர் வேணுமே?” என்றார் ஸ்டோர்கீப்பர்.

தலைவர் மேசையில் மேலாகக் கிடந்த கோப்பை எடுத்தார். ஆறாம் பிளாக், ஐந்தாம் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் மனு அது. லிஃப்ட் நின்றுபோய்ப் பத்து நாள் ஆகிறது. அவர் மனைவிக்குக் காலில் எலும்பு முறிவு. மாவுக்கட்டோடு அவரை நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேர் மாடிப்படி வழியாக மேலே தூக்கிப் போயிருக்கிறார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் நாலு பேரில் ஒருவர் தும்மிவிட்டார். அந்த அம்மாள் அன்றைக்கே, இனி லிஃப்ட் வந்தால்தான் கீழே இறங்குவேன், மனிதர்களை நம்பி இறங்கமாட்டேன் என்று சபதம் எடுத்துவிட்டார். அடுத்த மாதம் இருபதாம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் பிரித்தாக வேண்டும்.

தலைவர் மனம் உருகினார். “பாவம்! இதுக்கான உத்தரவையே சோதனை வாசகமா வச்சுக்கலாம். குறில் இருக்கு, நெடில் இருக்கு, தேதி இருக்கு, பிளாக் நம்பர் இருக்கு. எல்லா விசைக்கும் வேலை கிடைக்கும்.”

“அடிச்சு அனுப்பிட்டு, அப்புறம் சோதனை பண்ணலாமே சார்?” என்றார் அக்கா.

“அக்கா, அவசரப்படாதீங்க. என்டர்ங்கிறது சாதாரண விசை இல்ல. ஒரு கடிதத்தோட கடைசிச் சத்தம் அது. அதுதான் நம்ம அலுவலகத்தோட கௌரவம். அது ‘தொக்’குன்னு இருக்கணுமா, ‘டக்’குன்னு இருக்கணுமான்னு குழு முடிவு பண்ணாம எப்படித் தட்டுறது?”

அன்று மாலை சுற்றறிக்கை எண் ஏழு வெளியாயிற்று. ‘இறுதி விசையின் ஒலி குறித்துக் குழு முடிவெடுக்கும்வரை, ஊழியர்கள் எவரும் மேற்படி விசையைத் தொடலாகாது.’ அக்கா அதைச் சுவரில் ஒட்டினார். அதை ஒட்டியபோது அவர் முகத்தில் இருந்தது ‘மரியாதை’ என்று தலைவர் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் முதல் ஆய்வு சூடுபிடித்தது. ஒரு நாளைக்கு ஒன்பது முறை: ஒவ்வொரு ஸ்விட்சிலும் மூன்று முறை. அக்கா ‘ஆறாம் பிளாக் லிஃப்ட் பழுதை உடனடியாக நீக்குமாறு இதன்மூலம் உத்தரவிடப்படுகிறது’ என்று அடிப்பார். ஸ்டோர்கீப்பர் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நிற்பார். தலைவர் கண்களை மூடிக்கொள்வார். ‘உடனடியாக’ என்ற சொல் பழுப்பில்தான் மிக அழகாக ஒலிக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவரே.

பஸ் டிரைவர் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஐந்து மாடி இறங்கி, இரண்டு தெரு நடந்து வந்து விசாரிப்பார்.

“சார், நம்ம லிஃப்ட் விஷயம்...”

“உங்க விஷயத்தைத் தவிர இங்க வேற வேலையே நடக்கலைங்க! நேத்து ஒரே நாள்ல மட்டும் உங்க உத்தரவை ஒன்பது தடவை அடிச்சிருக்கோம்.”

டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷ உத்தியோகத்தில் தம் காரியத்துக்காக யாரும் இரண்டு தடவை எழுந்து நின்றதாகக்கூட அவருக்கு ஞாபகமில்லை. ஐந்து மாடி ஏறிப் போய், மூச்சு வாங்க மனைவியிடம் சொன்னார்.

“ஒன்பது தடவை எதுக்குங்க? ஒரு தடவை போதாதா?” என்றார் அந்த அம்மாள்.

“நீ சும்மா இரு. பெரிய ஆபீஸ்னா அப்படித்தான்.”

குழுவின் நான்காம் கூட்டத்தில் கடும் விவாதம் நடந்தது. சிவப்பின் உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் விட்ட பிறகு அதன் சத்தம் ‘தொக்’கா, ‘தக்’கா என்பது பிரச்சினை. ஸ்டோர்கீப்பர் ‘தக்’ என்றார். தலைவர் மேசையைத் தட்டி, “காதுல பஞ்சா வச்சிருக்கீங்க? சுத்தமான ‘தொக்’ அது!” என்றார். அக்காவிடம் கருத்துக் கேட்கப்பட்டது.

“எனக்கு ஸ்டோர்ல கிடக்கிற ரப்பர் கீபோர்டே போதும் சார். லிஃப்ட் உத்தரவை அனுப்பிடலாம்.”

உறுப்பினர் ‘மென்மையான ஒலியை விரும்புவதாக’க் கூட்ட நடவடிக்கையில் பதிவாயிற்று. சர்ச்சைக்குரிய ஒலி, ‘தொக்குக்கும் தக்குக்கும் இடைப்பட்டது, எனினும் தொக்கின் பக்கம் சாய்ந்தது’ என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. இந்த வரியை எழுதி முடித்தபோது தலைவருக்கு உடம்பு சிலிர்த்தது.

என்டரின் கதைதான் இழுத்துக்கொண்டே போயிற்று. பெரிய விசை என்பதால், கம்ப்யூட்டரோடு இணைக்காமல் எந்த ஸ்விட்சை மாட்டித் தலைவர் ஆட்டிப் பார்த்தாலும் ஓரத்தில் லேசாகக் கடகடத்தது. அடியில் பஞ்சு வைத்தார்கள், பஞ்சை எடுத்துவிட்டு ஸ்பாஞ்ச் வைத்தார்கள். இதற்குள் அக்காவின் தட்டில் வேறு மனுக்களும் அடுக்கடுக்காக ஏறின. அடுத்த மாதமும் பிறந்து, தேதி பதினேழு ஆயிற்று. அக்கா மேசைக் காலண்டரில் இருபதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, தலைவரின் கண்ணில் படும்படி திருப்பி வைத்தார். தலைவர் பார்த்தார். அக்காவுக்குச் சிவப்பு ஸ்விட்ச்தான் பிடித்திருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டார்.

அன்றைக்குத்தான் இறுதித் தேர்வு. நடுநிலையான ஒரு ‘பொதுமக்கள் பிரதிநிதி’ வேண்டும் என்றும், முப்பது வருஷம் என்ஜின் சத்தம் கேட்டுப் பழகிய காதைவிட நல்ல காது கிடைக்காது என்றும் தலைவர் முடிவு செய்திருந்தார். லிஃப்ட் விஷயம் கேட்க வந்த டிரைவரை மரியாதையாக உட்காரவைத்து, கண்ணைத் துண்டால் கட்டினார்கள். எதிரே மேசையில் மூன்று கீபோர்டுகள், மூன்று வகை என்டர்கள்.

“நல்லா கேளுங்க. அக்கா என்டரைத் தொடாம மூணுலயும் ஒவ்வொரு தடவை அடிப்பாங்க. எது பிடிச்சிருக்குன்னு சொன்னா போதும்.”

அக்கா அடித்தார். சிவப்பு வழுக்கிக்கொண்டு போயிற்று.

“புது ரோட்டுல பஸ்ஸை நியூட்ரல்ல விட்ட மாதிரி இருக்கு” என்றார் டிரைவர். ஸ்டோர்கீப்பர் அவசரமாகக் குறித்துக்கொண்டார்.

பழுப்பு.

“ஸ்கூல் பக்கம் இருக்கிற வேகத்தடை மாதிரி.”

நீலம்.

“பழைய பஸ்ல கியர் விழற சத்தம். இதுல ஒரு நம்பிக்கை இருக்கு சார்.”

“ஆஹா!” என்றார் தலைவர். “இப்படி ஒரு ரசிகரை நான் பாத்ததே இல்ல.”

டிரைவர் துண்டை அவிழ்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு அக்காவின் முன்னால் இருந்த திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இது... என் லெட்டர் மாதிரி இருக்கே?”

“உங்க லெட்டரேதான்! உங்களுக்கு ஒரு மரியாதை” என்றார் தலைவர்.

“இதோட எத்தனை தடவைம்மா அடிச்சிருக்கீங்க?”

“இருநூத்தி இருபத்தெட்டு” என்றார் அக்கா.

“எத்தனை தடவை அனுப்பினீங்க?”

அக்கா சுவரில் இருந்த சுற்றறிக்கை எண் ஏழைக் கையால் காட்டினார். டிரைவர் எழுந்து போய், அதை எழுத்துக் கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தார். கோபத்தில் அவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

“இதுல ஊழியர்கள்னுதானே போட்டிருக்கு?”

தலைவர் “பொறுங்க, அதுக்கு ஒரு முறை இருக்கு...” என்று சொல்லி முடிப்பதற்குள், டிரைவர் திரும்பி வந்து, ஹார்ன் அடிக்கிற கட்டை விரலால் நீல என்டரை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

‘டக்.’

மறுநாள் காலை பத்து மணிக்கு மெக்கானிக் வந்தார். ஒரு ஒயர் கழன்றிருந்தது. பத்தேகாலுக்கு லிஃப்ட் ஓடியது.

தலைவரும் சும்மா இருக்கவில்லை. பொதுமக்கள் பிரதிநிதியே கைப்படத் தேர்ந்தெடுத்துவிட்டதால், என்டருக்கு நீலம் என்று அறிவித்து, சுற்றறிக்கை எண் ஏழை ரத்து செய்தார். நீதி வேறு, ரசனை வேறு அல்லவா? அதனால் ‘அங்கீகரிக்கப்படாத நபர் அலுவலக விசையைத் தொட்டது ஏன்’ என்று விளக்கம் கேட்டு டிரைவருக்கு ஒரு கடிதமும் அடிக்கச் சொன்னார். அந்தக் கடிதம் மட்டும் ஐந்தே நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அது போன கையோடு, தட்டில் தேங்கிக் கிடந்த மற்ற மனுக்களின் உத்தரவுகளையும் அக்கா அன்றைக்கே அடித்து அனுப்பிவிட்டார்.

இருபதாம் தேதி அந்த அம்மாள் லிஃப்டில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் பிரித்தார். திரும்பி வரும் வழியில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்து, தம் கையால் எழுதிய விளக்கத்தைத் தலைவரின் மேசைமேல் வைத்தார். மேலே, ‘பெறுநர்: தலைமை அலுவலகம். வழி: பிரிவுத் தலைவர்’ என்று முறைப்படி எழுதியிருந்தது. கீழே இருந்தது இதுதான்:

‘என் வீட்டுக்காரர் ஒரு விசையைத் தொட்டது உண்மை. அவர் தொட்ட மறுநாள் லிஃப்ட் வந்தது. அதே விசை இந்தப் பிரிவின் மேசையில் ஐந்து வாரமாக இருந்தது. அதை இவர்கள் ஏன் தொடவில்லை என்று நீங்கள்தான் விளக்கம் கேட்க வேண்டும். அந்த ஐந்து வாரமும் ஆறாம் பிளாக்கில் வெறும் படியும் தும்முகிற மனிதர்களும்தான் இருந்தார்கள்.’

தலைவர் அதை இரண்டு முறை படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது.

“அடடா, என்ன நடை! குறில் நெடில் எல்லாம் கலந்து வந்திருக்கு பாருங்க. பழைய வாசகம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. அடுத்த கட்ட ஆய்வுக்கு இதையே வச்சுக்கலாம்.”

அக்கா கடிதத்தை வாங்கி, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார்.

“சார், பெறுநர் வரியிலிருந்து அப்படியே அடிக்கட்டுமா?”

“ஒரு எழுத்து விடாம அடிங்க.”

“முடிச்சதும் என்டர் தட்டலாமா?”

“என்னக்கா கேள்வி இது? அதுதான் அங்கீகாரம் ஆயிடுச்சே! ஒவ்வொரு தடவையும் நல்லா அழுத்தித் தட்டுங்க.”

ஆய்வின் இரண்டாம் கட்டம் இப்போது சிறப்பாக நடந்துவருகிறது. அக்காவின் விரல்கள் இவ்வளவு உற்சாகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை. தலைவரின் அறையில் தொலைபேசி விடாமல் அடிக்கிறது. அதன் மணியோசையில் தெளிவு போதாது என்று அவர் அதை எடுப்பதில்லை. கண்களை மூடி, ஒவ்வொரு ‘டக்’கையும் ரசித்துக்கொண்டிருக்கிறார். தம்மைப் பற்றிய உண்மையைத் தாமே உத்தரவிட்டு, இதுவரை அறுபத்திரண்டு முறை மேலிடத்துக்கு அனுப்பிவைத்த ஒரே அதிகாரி என்ற பெருமை அவரையே சேரும்.