போமாட்டின் சுண்ணாம்புக் குடுக்கை

பாக்கோடு சேர்த்து மென்ற பிறகுதான் போமாட்டுக்கு உறைத்தது, வாயில் போட்டது சுண்ணாம்பு அல்ல என்று. நாக்கில் சுருக்கென்று ஏறவில்லை. நறநறவென்றது. ஹெல்கா அம்மா கடலடியிலிருந்து அரித்தெடுத்துக் குப்பியில் வைத்திருந்த வெள்ளைத் தூள்!

அது வேறு ஏதோ நட்சத்திரத்திலிருந்து மானுஸ் தீவுக் கடலில் விழுந்த கல்லின் பொடி என்பது அந்த விஞ்ஞானி அம்மாவின் கட்சி. "வானத்துல இருக்கிறவனுக்கு வேற வேலை இல்லையா, நம்ம கடலைக் குறிபார்த்துக் கல்லெறிய?" என்று கேலி பேசிக்கொண்டேதான் போமாட் அவளுக்குப் படகு ஓட்டினான். வெளிநாட்டுப் பேராசிரியர்களும் ரேடியோவில் அதையே சொல்லிச் சிரித்தார்கள். இந்தத் தடவையும் வெறுங்கை என்றால் அவளை வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

அவனுக்குப் பாவமாக இருந்தது. தன் சுரைக்குடுக்கையிலிருந்த சுண்ணாம்பைக் குப்பியில் கொட்டி நிரப்பினான். மனைவி நியாலென் பவளத்தைச் சுட்டு ஆக்கியது. கொஞ்ச காலமாக அதைப் போட்டு மென்றால் உடம்பு லேசாகி, படகு நீரில் போகிறதா மேகத்தில் போகிறதா என்றே தெரிவதில்லை. தேங்காய் விழுந்து பொத்தலான கூரையைப் பற்றி அவள் நச்சரிப்பதுகூட அப்போது தாலாட்டு மாதிரி கேட்கும்.

மத்தியானம் ஹெல்கா குப்பித் தூளைச் சோதனைக் கருவியில் போட்டாள்; கருவி வீறிட்டது.

"போமாட்! இது பூமியிலேயே கிடையாது!" ஹெல்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

போமாட் கையை மெல்ல விடுவித்துக்கொண்டான். "கருவி எதுக்கு வேணாலும் கத்தும்மா. இந்தக் கரை மணலைப் போட்டுப் பாருங்க."

போட்டாள். கருவி மூச்சு விடவில்லை.

"பாத்தீங்களா? கருவி சரியாத்தான் இருக்கு!" உலகத்துக்கே சொல்ல ரேடியோவை எடுத்தாள்.

"நிறுத்துங்கம்மா! உங்க தூளை நான் தின்னுட்டேன். அதுல இருக்கிறது என் பொண்டாட்டி சுட்ட சுண்ணாம்பு!"

ரேடியோ அவள் மடியில் விழுந்தது. கடல் அசையாமல் கிடந்தது. அதில் மேகங்கள் மெல்ல மிதந்து போயின.

"அப்ப சிரிச்சவங்க சொன்னதுதான் சரி," என்றாள் ஹெல்கா. போமாட்டுக்கு அழுகையே வந்துவிட்டது.

சாப்பாட்டோடு ஓடத்தில் வந்து படகோரம் நின்ற நியாலென் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். காலிக் குடுக்கையை எட்டி எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

"கூரையில விழுந்தது தேங்காய் இல்லைன்னு எத்தனை தடவை சொன்னேன்? பவளம் பத்தலைன்னு அந்தக் கல்லையும் போட்டுத்தான்யா இதைச் சுட்டேன்!"