சீசனுக்கு முந்திக்கொண்ட வெள்ளியங்கிரி

இந்த வருஷம் நாமே முந்திக்கொள்வது என்று வெள்ளியங்கிரி முடிவெடுத்தார். குன்னூரில் வீடு வைத்திருப்பவன் மே மாதம் படும் பாடு கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. சீசன் தொடங்கியதும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் திடீரென்று பாசம் பொங்கும். அதிலும் சென்னையில் இருக்கும் மச்சான் நஞ்சப்பனுக்குப் பொங்குகிற பாசம் இருக்கிறதே, பொல்லாதது! குடும்பத்தோடு வந்து இறங்குவார். வெள்ளியங்கிரியின் கட்டிலில், வெள்ளியங்கிரியின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "என்ன மாப்ள, வெந்நி இன்னும் காயலியா?" என்பார். எஸ்டேட் ஆபீஸில் கெஞ்சி வாங்கிய லீவு முழுக்க வெந்நீர் போட்டே தீரும். ராத்திரி ஹாலில் பாயைப் போட்டு நடுங்க வேண்டியது வீட்டுக்காரன்.

"இந்தத் தடவை நாம அங்க போறோம், சாந்தாமணி. ஓசியில ஊரைச் சுத்தறோம். மெரினாவுக்கு டிக்கெட் உண்டா? பெசன்ட் நகர் பீச்சுக்கு உண்டா?"

"தங்கறதுக்குங்க?"

"உங்கண்ணன் ஊடு எதுக்கு இருக்குது?"

"ஏனுங்க, அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடலாங்களா?"

"மூச்சு உடக்கூடாது! தெரிஞ்சா அதுக்கு முன்னாடி இங்க வந்து நிப்பாரு. நேரா வாசல்ல போய் நின்னாத்தான் மனுசன் மாட்டுவாரு."

"நீங்க சொன்னாச் சரிங்க."

சாந்தாமணி எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. வெள்ளியங்கிரி அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். கடல் பார்க்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் நச்சரித்தவள், அந்தச் சந்தோஷம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் வீட்டைக் கழுவித் துடைத்தாள். கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டாள். இருக்கிற கம்பளிகளையெல்லாம் மாடியில் காயப்போட்டாள்.

"ஊரை உட்டே போறோம். கம்பளி எதுக்கு இப்ப?"

"வெயிலடிக்கறப்பவே போட்டாத்தானுங்க உண்டு. நம்மூரு வெயிலை நம்ப முடியுமுங்களா?"

எவ்வளவு பொறுப்பு என்று பூரித்துப்போனார். செடிக்குத் தண்ணீர் ஊற்ற என்று பக்கத்து வீட்டு ஜெஸிந்தாவிடம் சாவியைக் கொடுத்தபோதும் பூரிக்கத்தான் செய்தார்.

மனைவி, மகள் காயத்ரியோடு வெள்ளியங்கிரி போய் இறங்கியபோது, சென்னையில் நஞ்சப்பன் வீட்டு வாசலில் கார் தயாராக நின்றிருந்தது. டிக்கி நிறையப் பெட்டிகள். முன்சீட்டில் நஞ்சப்பனின் மனைவி பங்கஜம், மடியில் ஸ்வெட்டரோடு.

"வாங்க மாப்ள, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்!" நஞ்சப்பன் வீட்டுச் சாவியை ஒரு கையிலும் நாய்ச் சங்கிலியை இன்னொரு கையிலும் திணித்தார். "இவனை ரெண்டு வேளையும் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. இல்லீன்னா கொலைச்சே தெருவை எழுப்பிருவான். உங்கூட்டுச் சாவி ஜெஸிந்தாகிட்டதான இருக்குது?"

பதிலுக்குக்கூட நிற்காமல் கார் பறந்தது.

"அண்ணங்கிட்ட மூச்சு உடாதீன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனேடி!"

"அண்ணங்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசலீங்களே. அண்ணிகிட்டதான் சொன்னேன்."

"ஏன் சொன்னே?"

"சீசன் முச்சூடும் தோசை சுட்டுச் சுட்டு எங்கையி ஓஞ்சுபோச்சுங்க. இந்த வருசம் அவங்களே சுட்டுக்கட்டும். நான் கடலைப் பாக்கறேன்."

மறுநாள் சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்சில் சாந்தாமணியும் காயத்ரியும் அலையில் குதித்துக்கொண்டிருந்தார்கள். நாய் இழுத்த இழுப்புக்கு மணலில் ஓடிக்கொண்டிருந்த வெள்ளியங்கிரிக்கு வியர்வையில் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. நஞ்சப்பன்தான்.

"மாப்ள, என்னா குளிருங்க உங்கூர்ல! உங்க கம்பளி ஒண்ணு எனக்குப் பத்தல. இன்னொண்ணு எங்க இருக்குது?"

வெள்ளியங்கிரி வாயைத் திறப்பதற்குள் தண்ணீரில் நின்றபடியே சாந்தாமணி கத்தினாள்:

"பீரோவுல மேல்தட்டுன்னு சொல்லுங்க! அவங்களுக்குன்னுதான் நல்லாக் காயப்போட்டு வெச்சுட்டு வந்தேன்!"