எலுமிச்சம்பழத்தை நம்பி நின்ற லாரி

ஊரே கொண்டாடும் படத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்லிப் பாருங்கள், நாலு திட்டு திட்டிவிட்டு மன்னித்துவிடுவார்கள். ஒருத்தருமே பார்க்காத படத்தைப் பிடிக்கும் என்று சொன்னால் மட்டும் மன்னிக்க மாட்டார்கள். "இதுக்கு மண்ட கயண்டுக்கிச்சு" என்பார்கள். எனக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்த எல்லார் மேலும் இன்றைக்கும் கோபம் இருக்கிறது. அதில் பாதிப் பேர் நான் பெரிதும் மதிக்கும் லாரி டிரைவர்கள், ஒருவர் என்னைப் பெற்றவர் என்பதெல்லாம் வேறு விஷயம்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. திருவொற்றியூரில் ஒரு லாரி யார்டில் கேட் பாஸ் எழுதும் வேலை. இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். எங்கள் எண்ணூர் ரோட்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: அதை ரோடு என்று நம்பி ஏமாறாதீர்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வண்டிகள் வரிசையாக நின்று, டிரைவர்கள் அதிலேயே சமைத்து, குளித்து, தூங்கி, எப்போதாவது நகரும் இடம் அது. காலையில் யார்டு வாசலில் பார்த்த வண்டி சாயங்காலம் நான் கிளம்பும்போதும் அங்கேயே நிற்கும். டிரைவர் சட்டையை மட்டும் மாற்றியிருப்பார்.

இருபது நிமிடத் தூரத்தை இரண்டு மணி நேரம் பஸ்ஸில் நின்று கடக்கிறவளுக்கு என்ன படம் பிடிக்கும்? கார் பறக்கும் படம்தானே பிடிக்கும்! ஆனால் பெண்பிள்ளை என்றால் மூக்கைச் சிந்திக்கொண்டு பார்க்கும் படம்தான் கேட்க வேண்டுமாம். தண்டையார்பேட்டையில் சிடி வாடகைக் கடை வைத்திருந்த பாய், என்னைப் பார்த்ததும் ஒரு குடும்பப் படத்தை எடுத்து நீட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். (குடும்பத்தைத்தான் வீட்டிலேயே பார்க்கிறேனே பாய், அதற்கு வாடகை வேறு எதற்கு?)

அவர் கடையில் எனக்குச் சொந்தமான இடம் ஒன்று இருந்தது. குனிந்தால் மட்டுமே கண்ணில் படும் கடைசித் தட்டு. தியேட்டரில் மூன்று நாள் ஓடி, தமிழில் குரல் கொடுத்தும் விலைபோகாமல், கடைசியில் சிடியாகி வந்து விழுந்த வெளிநாட்டு அடிதடி காமெடிகள் எல்லாம் அங்கேதான் தூசியோடு கிடந்தன. அட்டையில் ஒரு பெயர் இருக்கும், உள்ளே வேறு பெயர் ஓடும். அட்டையில் துப்பாக்கியோடு நிற்கும் ஆள் படத்திலேயே வரமாட்டான்.

"யம்மா, இத்தெல்லாம் எட்த்துக்கினு போற ஒரே ஆளு நீதாம்மா" என்பார் பாய். "வாடக கூட வாணாம். தூசி தட்டிக் குட்த்தா போதும்."

எப்பேர்ப்பட்ட படங்கள்! கம்ப்யூட்டர் வித்தை கிடையாது. நிஜக் கார் நிஜச் சுவரில் போய் மோதும். கதவு கழன்று தனியாக ஓடும். உள்ளே இருந்தவன் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து வருவான். அதில் ஒரு படத்துக்கு நான் அடிமையாகவே ஆகிவிட்டேன். இரண்டு திருடர்கள் ஒரு கல்யாணக் காரைக் கிளப்பிக்கொண்டு போவார்கள், பின்னாலேயே அந்த ஊர் மொத்தப் போலீஸும் துரத்தும், அவ்வளவுதான் கதை. சாக்கடையில் விழுந்து எழும் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர், "யப்பா, இடுப்பு பூட்ச்சிப்பா" என்பார் சுத்தமான மெட்ராஸ் பாஷையில். மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டில் கூப்பிட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள். இப்படி ஒரு படத்தை உலகம் பார்க்காமல் விட்டதே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

அந்த ஆத்திரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் யார்டில் ஆயுத பூஜை என்றால் தீபாவளி எல்லாம் பிச்சை வாங்க வேண்டும். முந்தின நாளே லாரிகளைக் கழுவி, பொட்டு வைத்து, காகிதத் தோரணம் கட்டி, காலையில் பூஜை. பிறகு ஷாமியானா போட்டு, வாடகைக்கு டிவியும் பிளேயரும் எடுத்துப் படம் போடுவார்கள். வழக்கமாகச் சாமிப் படம் ஒன்று, வெட்டுக்குத்துப் படம் ஒன்று. அந்த வருடம் ஆபீஸில் படித்த பெண் இருக்கிறதே என்று சிடி எடுத்து வரும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். உலகத்தைத் திருத்த எனக்குக் கிடைத்த சந்தர்ப்பம். விடுவேனா?

அந்த வருடப் பூஜையில் இன்னொரு விசேஷமும் உண்டு. என் நைனா (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஏழுமலை, இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் வண்டியே ஓட்டியவர். அந்த மாதம்தான் சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்கியிருந்தார். பச்சை லாரி. மறுநாள் விடிந்தால் மாத்தூருக்கு முதல் லோடு. நைனா அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை, சும்மா சும்மா போய் அதன் பானெட்டைத் தடவிவிட்டு வருவார். என்னைப் பெற்றபோதுகூட இவ்வளவு தடவவில்லை என்று அம்மா சொன்னாள்.

லாரியில் ஒரே குறை, ஹேண்ட் பிரேக் பிடிக்காது. அதனால் எங்கே நிறுத்தினாலும் முன் சக்கரத்துக்கு ஒரு முட்டுக்கட்டை வைப்பார். கிரீசும் சேறும் அப்பிய கட்டை, பார்க்கவே கலீஜாக இருக்கும்.

காலையில் லாரியைக் கழுவி, பத்துப் பேர் கை வைத்துத் தள்ளி, வாசலைப் பார்த்து நிறுத்தினார்கள். தள்ளிய வண்டியைக் கியரில் போட யாருக்கும் தோன்றவில்லை, கட்டைதான் இருக்கிறதே. அலங்காரம் என் பொறுப்பு. இரண்டு பக்கமும் வாழைமரம் வைத்து, ஆடாமல் நிற்கட்டும் என்று கதவுக் கைப்பிடியையும் பக்கக் கண்ணாடிக் கம்பியையும் சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். கோலம் போட்டேன். பூசாரி வந்து முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். மஞ்சள் பழம், குங்குமம், வெள்ளைக் கோலம், அதற்கு நடுவில் அந்த அழுக்குக் கட்டை! எனக்குப் பொறுக்கவில்லை. உருவி எடுத்து ஷெட்டுக்குள் வீசினேன். பழம்தான் சக்கரத்துக்கு அடியில் இருக்கிறதே, அது போதாதா என்று நினைத்தேன். (நினைத்தேனா? அந்த நேரத்தில் என் மண்டைக்குள் கார்தான் ஓடிக்கொண்டிருந்தது.)

பூஜை முடிந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். ஆனால் பழத்தை நசுக்கி வண்டியை எடுக்க நல்ல நேரம் ஒன்றரை மணிக்குத்தான் என்றுவிட்டார் தேசப்பன். அவர்தான் எங்கள் யார்டின் மூத்த டிரைவர், சகுனம் பார்ப்பதில் மன்னன். பூனை குறுக்கே போனால் பூனை திரும்பி வரும்வரை காத்திருப்பவர். சரி, அதுவரை படம் என்று உட்கார்ந்தார்கள். டிவி கேட் பக்கம் மேஜைமேல் இருந்தது. முன்னால் நாற்காலிகள். நாற்காலி கிடைக்காத பத்துப் பன்னிரண்டு பேர் நைனாவின் லாரிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

முதல் அரை மணி நேரம் என் வாழ்க்கையின் பொற்காலம். இன்ஸ்பெக்டர் சாக்கடையில் விழுந்தபோது யார்டே அதிர்ந்தது. "சூப்பர் படம்மே! எங்க புட்ச்ச இத்த?" என்று கத்தினார்கள். நான் பாயை மனதுக்குள் கூப்பிட்டு, பார்த்தீரா ஐயா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது திரையில் பாலம் வந்தது.

திருடர்களின் கார் குறுக்கே புகுந்ததும், எதிரே காய்கறி ஏற்றி வந்த லாரி ஒன்று ஒடித்துத் திருப்பி, பாலத்தின் சுவரை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழும். மூன்று தடவையும் நான் கைதட்டிய இடம். அந்த லாரி பச்சை நிறம் என்பது நாலாவது தடவைதான் எனக்கு உறைத்தது.

"அய்யய்யோ!" என்று எழுந்தார் தேசப்பன். "பூஜ போட்ட எடத்துல லாரி வுயுற மாதிரி காட்றியே, அறிவு கீதா உனுக்கு? நிறுத்து! நிறுத்துன்றேன்ல!"

லாரிமேல் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரும் பதறிப்போய் ஒரே நேரத்தில் கீழே குதித்தார்கள். அந்தக் குலுக்கலில் எலுமிச்சம்பழம் 'பொதக்' என்றது.

எங்கள் யார்டின் தரை, மழைத்தண்ணீர் ஓடட்டும் என்று வாசல் பக்கம் சரிவாகப் போட்டது. லாரி மெதுவாக, மிக மெதுவாகக் கிளம்பியது. முதலில் யாரும் திரும்பவில்லை, சத்தம் படத்தில் வருகிறது என்று நினைத்தோம். யாரோ ஒருவர் திரும்பிப் பார்த்து "மாமு, வண்டி!" என்று அலறினார். நாற்காலிகளை உதறிவிட்டு ஆளுக்கொரு பக்கம் சிதறினோம்.

இதுவரை நான் பார்த்த எந்தத் துரத்தலும் அதற்கு ஈடாகாது. முன்னால் நடக்கிற வேகத்தில் பச்சை லாரி. பின்னால் ஐம்பது டிரைவர்கள். அத்தனை பேரும் லாரி ஓட்டத் தெரிந்தவர்கள், ஒருத்தரும் உள்ளே ஏற முடியவில்லை. காரணம், வாழைமரம். நைனா கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே ஓடினார். கதவு திறக்கவில்லை. நான் போட்ட முடிச்சு அப்படி.

"நில்லுடா! நில்லுடா கண்ணு!" என்று லாரியிடம் கெஞ்சினார்.

கண்ணு நிற்கவில்லை. நாற்காலிகளை நசுக்கியது. ஷாமியானாவைத் தலையில் போட்டுக்கொண்டது. டிவி, பிளேயர், உள்ளே ஓடிய முதல் சிடி, மிச்சப் படத்தோடு மேஜையில் காத்திருந்த இரண்டாவது சிடி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு கேட்டைத் தாண்டியது. நல்லவேளை, துறைமுகத்துக்கு ஏது ஆயுத பூஜை? ரோட்டில் வழக்கம்போல் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. முந்தின நாளிலிருந்து நகராமல் நின்ற ஒரு டிரெய்லரில் போய் டமாரென்று முட்டி நின்றது நைனாவின் லாரி. வாழ்நாளில் முதல்முறையாக அந்த டிராஃபிக் ஜாமைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆனால் லாரியின் முன்கண்ணாடி இல்லை, ரேடியேட்டர் இல்லை, முகமே இல்லை. மறுநாள் லோடும் இல்லை.

கூட்டம் கூடியது. "படத்துல வுயுந்த லாரிதான்பா இத்த இஸ்துக்கினு பூட்ச்சி" என்று தீர்ப்புச் சொன்னார் தேசப்பன். "தரித்திரம் புட்ச்ச படம். அத்த எட்த்தவன் வெளங்குவானா?" ஆளாளுக்கு ஆமாம் போட்டார்கள். பேமானிப் படம், சோமாரிப் படம், கஸ்மாலப் படம். அரை மணி நேரத்துக்கு முன்னால் விழுந்து விழுந்து சிரித்த அதே வாய்கள்!

நான் சும்மா இருந்திருக்கலாம். பழி படத்தின் மேல் விழுந்துவிட்டது, என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நைனாவுக்கும் ஏதோ கெட்ட நேரம் என்று போயிருக்கும். ஆனால் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டதே!

"இன்னா சும்மா படம் படம்னு சொல்லிக்கினு கீறீங்க?" என்று கத்தினேன். "படத்துக்கு இன்னா கையா கீது, வந்து லாரிய தள்றதுக்கு? முட்டுக்கட்டைய எட்த்துக் கடாசினவ நானு! அசிங்கமா கீதுன்னு நான்தான் எட்த்தேன்! இன்னொரு தபா படத்த யாராச்சும் ஒரு வார்த்த சொன்னீங்க..."

ஐம்பது டிரைவர்களும் நைனாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நைனா என்னைப் பார்த்தார். அடித்திருந்தால் தேவலை. நேராக ஷெட்டுக்குள் போய்க் கட்டையைத் தேடி எடுத்து வந்தார். மூஞ்சி நசுங்கி, இனி எங்கேயும் ஓட முடியாத லாரியின் முன் சக்கரத்துக்கு அடியில் அதை வைத்தார். பிறகு வீட்டுக்கு நடந்துபோனார்.

லாரி ஒரு மாதம் மெக்கானிக்கிடம் கிடந்தது. நைனா திரும்பவும் அடுத்தவர் வண்டிக்குப் போனார். என்னோடு பேசவில்லை. ஆனால் யார்டில் வேறு கூத்து. தரித்திரம் என்று ஏசிய டிரைவர்கள் ஒவ்வொருவராக, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, கேட் பாஸ் ஜன்னலில் தலையை நீட்டினார்கள். "த்தோ, அந்தத் திருடனுங்க மாட்டிக்கினாங்களா?" தேசப்பனே வந்தார். "கல்யாணப் பொண்ணு கார் கெட்ச்சிச்சா, இல்லியா?" எனக்கு வந்த எரிச்சலில் ஆளுக்கொரு முடிவு சொல்லி அனுப்பினேன். ஒருவருக்குத் திருடன் மாட்டினான், ஒருவருக்குத் தப்பினான், தேசப்பனுக்கு இன்ஸ்பெக்டரே கல்யாணப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். டீக்கடையில் அதை வைத்துக் கைகலப்பே வந்தது.

லாரி சரியாகி, மாத்தூருக்கு முதல் லோடு இறக்கிவிட்டு வந்த அன்றைக்குத்தான் நைனா என் பக்கத்தில் உட்கார்ந்தார். தட்டில் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.

"அந்த லாரிக்காரன் பொயச்சிக்கினானா?"

"எந்த லாரிக்காரன், நைனா?"

"பாலத்துலேர்ந்து வுயுந்தானே. காய்கறி லோடு."

மூன்று தடவை பார்த்த படம். அந்த லாரிக்காரனை அதற்கப்புறம் காட்டவே மாட்டார்கள். கார் பறந்துகொண்டே இருக்கும், யாரும் ஆற்றை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மூன்று தடவையும் கைதட்டிய எனக்கு அவன் என்ன ஆனான் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

"பொயச்சிக்கினான் நைனா" என்றேன். "நீந்தி கரைக்கு வந்துட்டான். லாரியக்கூட கிரேன் வெச்சித் தூக்கிட்டாங்க."

"அப்ப சரி" என்று மோர் கேட்டார்.

இப்போதும் எங்கள் வீட்டில் படம் ஓடும்போது ஏதாவது வண்டி கவிழ்ந்தால், என் மகள் ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்திவிட்டு, "தாத்தா, டிரைவர் பொயச்சிக்கினாரு!" என்று கத்த வேண்டும். காது மந்தமான நைனாவுக்குக் கேட்கும்வரை கத்த வேண்டும். அவர் தலையாட்டி "சரி, ஓட்டு" என்ற பிறகுதான், கதாநாயகனாகவே இருந்தாலும், மேற்கொண்டு ஓட முடியும்.