மாமியாருக்கு அடுத்த வீடு

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு புருஷன் இருந்தான். ஊர் திருத்தணி. புருஷன் நான். ராஜா கதையாக இருந்தால் 'இருந்தான்' என்று சொல்லிவிட்டு நரி, கிளி என்று மேலே போய்விடலாம். நான் இன்னும் இருந்துகொண்டிருப்பதால் நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெயர் நேசகுமார். அரக்கோணத்தில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனைப் பிரிவு. மனைவி அபிகாயில், ஆர்.கே.பேட்டைப் பக்கம் பள்ளிக்கூட டீச்சர். கல்யாணமாகி மூன்று வருஷம். ஸ்டேஷனுக்குப் பின்னால் வாடகை வீடு. மாமியார் வீடு மலையடிவாரத் தெருவில். ஆட்டோவில் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம்தான் என் இல்லற நிம்மதி.

மாமியார் மார்கரெட் அம்மா ஓய்வு பெற்ற நர்ஸ். நல்லவர். வரும்போதெல்லாம் பி.பி. மிஷினோடு வருவார். என் கையில் பட்டையைச் சுற்றி அழுத்துவார். அவரைப் பார்த்ததுமே எனக்கு ஏறும். ஏறியதைப் பார்த்து, "அபி, மாப்ளைக்கு ஊறுகாய நிறுத்து" என்பார். எனக்கு வயது இருபத்தொன்பது. மாதம் இரண்டு முறை வருவதற்கே என் தட்டிலிருந்து ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் போய்விட்டன.

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, அபி உப்பில்லாத ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"இன்னாங்க, பாலசுப்பிரமணியன் சார் வூட்ட விக்கறாராம். பையனோட சென்னைக்குப் போறாராம்."

"யாரு அவரு?"

"எங்க அம்மா வூட்டுக்கு அடுத்த வூடு."

கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன்.

"நம்ம வாங்கிடலாமா? என் பேர்ல லோன் கெடைக்கும்."

"வீடுன்னா கத்திரிக்காயா அபி? யோசிக்கணும்."

"ஆங், யோசிங்க. எவ்ளோ நாளு?"

"ஒரு மாசமாவது வேணும்."

"சரி. நல்லா யோசிங்க."

அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. நானும் அன்று படுக்கப் போகும்போது ஒரு பெரிய முடிவு எடுத்தேன். அபியிடம் 'வேண்டாம்' என்று சொல்ல என்னால் ஆகாது. இதுவரை சொன்னதில்லை, இனிமேல் பழகுவதும் கஷ்டம். ஆனால் அந்த வீட்டை வேறு யாராவது வாங்கிவிட்டால்? நான் சொல்ல வேண்டியதே இல்லை. ஒரு மாதத்துக்குள் அந்த வீடு கைமாற வேண்டும்.

எங்கள் ஊரில் இப்போது அது பெரிய காரியமில்லை. சென்னைக்காரர்கள் டிரெயினில் வந்து இறங்கி, டீ குடித்துவிட்டு, டீக்கடையையே விலை கேட்கிறார்கள். கே.ஜி.கண்டிகைப் பக்கம் நேற்று வேர்க்கடலை இருந்த இடத்தில் இன்று கல் நட்டுக் கொடி கட்டியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை புரோக்கர் வாஹித் பாயைப் பிடித்தேன். வீடு, மனை, பழைய பைக் மூன்றும் விற்பவர். மூன்றையும் 'சிங்கிள் ஓனர்' என்றுதான் விற்பார்.

"இன்னா நைனா, மாமியார் வூட்டுப் பக்கத்து வூட்ட நீயே வாங்காம பார்ட்டி தேடுறே?"

"பாய், அதனாலதான் தேடுறேன்."

வாஹித் பாய் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அவருக்கும் கல்யாணமாகியிருந்தது.

"புரியுது நைனா. ஒரு சென்னை பார்ட்டி கைல கீது. ஆனா அந்த வூட்டு லேடிதான் முடிவு பண்ணுவாங்களாம்."

"எல்லா வூட்லயும் அப்படித்தானே?"

"அவங்களால நேர்ல வர முடியாது. சந்தேகம் கேப்பாங்க. நீ வாய்ஸ்ல பதில் சொல்லிடு, நான் அனுப்பிடுறேன். நான் சொன்னா புரோக்கர் பேச்சும்பாங்க. நீ சொன்னா எடுபடும்."

எடுபடாமல் இருக்குமா? குஜராத் டைல்ஸை இத்தாலி என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் இது.

முதல் கேள்வி தண்ணீர். போர் தண்ணீர் உப்பு என்று தெருவுக்கே தெரியும். "இளநி மாதிரி தண்ணிம்மா. சோப்பு போட்டா நுரை அடங்காது" என்று வாய்ஸ் அனுப்பினேன்.

இரண்டாவது கேள்வி குரங்கு. "குரங்கா? அது மலை மேலயே இருக்கும்மா. கீழ எறங்குற பழக்கமே கெடையாது."

அந்த லேடி விவரமானவர் போல. நாலு நாள் கழித்து மூன்றாவது கேள்வி வந்தது. அக்கம்பக்கம் எப்படி? குறிப்பாக, அடுத்த வீட்டில் யார்?

போனோடு கடைக்கு வெளியே வந்து, கண்ணை மூடிக்கொண்டு பேசினேன்.

"அடுத்த வூட்ல ரிட்டயர்ட் நர்ஸ் ஒருத்தங்க இருக்காங்கம்மா. தங்கமான மனுஷி. ராத்திரி ஜுரம்னா கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவாங்க. அவங்க பக்கத்துல இருக்கறது சொந்த அம்மா பக்கத்துல இருக்கற மாதிரி. அவங்க நிழல்ல வாழ குடுத்து வெச்சிருக்கணும். எனக்கெல்லாம் அந்தக் குடுப்பினை இல்ல."

கடைசி வரியில் குரலைக் கொஞ்சம் தழுதழுக்க வைத்தேன். தொழில்.

மறுநாள் வாஹித் பாய் ஓடி வந்தார். "லேடி விழுந்துட்டாங்க நைனா! வாய்ஸ நாலு தபா கேட்டாங்களாம். ஆனா விலைதான் ஜாஸ்தின்றாங்க. மூணு லட்சம் கொறைஞ்சா நாளைக்கே அட்வான்ஸ். நீயே போய் சார்கிட்ட பேசேன். அந்தத் தெரு மாப்ள நீ, உன் பேச்ச கேப்பாரு."

போனேன். நல்ல காரியத்தில் பாதியில் நிற்கக் கூடாது. பாலசுப்பிரமணியன் சாரிடம் உண்மை எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் உப்பு. குரங்கு சமையலறை வரைக்கும் வந்து குக்கர் விசிலைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஆடிக் கிருத்திகை வந்தால் மூன்று நாளைக்கு வாசலில் சைக்கிள்கூட நிறுத்த முடியாது.

சார் அசையவில்லை. "இதெல்லாம் இந்த ஊர்ல எல்லா வூட்லயும் இருக்குதேப்பா."

"அதில்ல சார்..." என்று மாமியார் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தேன். ஒரு பெருமூச்சு விட்டேன்.

சாரும் அந்தப் பக்கம் பார்த்தார். "மாப்ள நீயே வாங்கலைன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பெருமூச்சு ஒன்றுக்கே மூன்று லட்சம் குறைந்தது.

சனிக்கிழமை நான் கடையில் இருக்கும்போது வாஹித் பாய் போன் பண்ணினார். அக்ரிமென்ட் முடிந்துவிட்டதாம். அன்று ராத்திரி முகத்தை ஒரு சாண் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"அபி, அந்த வூடு போயிடுச்சாம். யாரோ சென்னை பார்ட்டியாம். ரெண்டு வாரம் யோசிக்கறதுக்குள்ள கொத்திகினு போயிட்டாங்க."

"அப்டியா?" அபி கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். "போனா போவுது. எல்லாம் ஆண்டவர் சித்தம்."

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அபி இதுவரை எதையும் 'போனா போவுது' என்று விட்டவளில்லை. பஸ்ஸில் தொலைத்த டிபன் பாக்ஸ் மூடிக்காக டெப்போ வரைக்கும் போனவள். ஆனால் சந்தோஷத்தில் இருக்கிறவனுக்குக் காது அடைத்துவிடுகிறது.

மறுநாள் ஞாயிறு. எங்கள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை என்று ஒரு வழக்கம். ஆண்டவர் செய்த நன்மைக்கு நன்றியாக ஒரு கவரில் பணம் போட்டு, மேலே காரணத்தை எழுதிப் பெட்டியில் போடுவோம். செயலர் ஜெபசிங் ஒவ்வொன்றாக மைக்கில் வாசிப்பார். பிறந்த நாள், ஆபரேஷன், பையன் பாஸானது எல்லாம் அப்படித்தான் ஊருக்குத் தெரியும். எனக்கு மனசு நிறைந்திருந்தது. அபிக்குத் தெரியாமல் ஒரு கவரில் நூறு ரூபாய் வைத்து எழுதிப் போட்டேன். பேர் போடவில்லை.

ஜெபசிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "பேர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரர். பெரிய ஆபத்துக்கு விலக்கிக் காத்ததற்காக. ரூபாய் நூறு."

"ஆமென்" என்றேன். எல்லோரையும் விடச் சத்தமாக.

அடுத்த கவரை எடுத்தார். "திருமதி அபிகாயில் நேசகுமார். அம்மா வீட்டுக்கு அடுத்த வீடே சொந்த வீடாக அமைந்ததற்காகவும், அதற்காகப் பேசிப் பாடுபட்ட கணவருக்காகவும். ரூபாய் ஆயிரம்."

சபையே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. பெண்கள் பக்கத்தில் அபி கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் வெளியே ஓடி, வேப்ப மரத்தடியில் நின்று வாஹித் பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், சென்னை பார்ட்டின்னு சொன்னியே!"

"அண்ணி பொறந்தது எக்மோர் ஆஸ்பத்திரிலயாமே நைனா. நான் பொய் சொல்லலையே."

"நான்தானே உங்கிட்ட வந்தேன்?"

"நீ செவ்வாய்க்கெழம வந்தே. அண்ணி திங்கக்கெழமயே வந்துட்டாங்க. நீ வருவேன்னும் சொல்லிட்டுத்தான் போனாங்க."

போனை வைத்தேன். அபி எதிரில் நின்றிருந்தாள்.

"அபி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா விலை பேசப் போயிருப்பீங்களா?"

"நேரா வாங்கலாம்னு கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்?"

"மாட்டீங்க. ஆனா யோசிப்பீங்க. நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள வேற யாராச்சும் வாங்கி அந்த வூட்டுல பேரன் பேத்தி எடுத்துடுவாங்க." சிரித்தாள். "இத்தாலி வேலையெல்லாம் நம்ம வூட்டுக்கும் ஒரு தபா பிரயோஜனப்படட்டுமே."

அதற்குள் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். போதகர் கையைக் குலுக்கினார். "பாலு காய்ச்சுறது எப்போ தம்பி? ஜெபம் பண்ண வரணும், ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிடுங்க" என்றார். ஜெபசிங் வந்து, "எங்க வூட்டுக்காரம்மாவுக்கும் ஒரு மனை பேசிக் குடேன்பா" என்றார். நான் எல்லோருக்கும் பல்லைக் காட்டினேன். மாமனார் எலியேசர் என் தோளை ஒரு தட்டு தட்டினார். முப்பத்தைந்து வருஷ அனுபவம் உள்ள தட்டு. பிறகு அபியோடு ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்தது. மார்கரெட் அம்மா மட்டும் நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அபி அந்த வாய்ஸ எனக்கு அனுப்பிச்சா மாப்ளே. சொந்த அம்மா மாதிரின்னு சொன்னீங்களே. பெத்த புள்ளகூட என்ன அப்டி சொன்னதில்ல."

"அது... சும்மா... மனசுல பட்டது அத்தை."

"உங்ககிட்ட சொல்லாம மறைச்சிட்டோம். ஓசூர்ல பெரியவன் வூட்டோடவே போயிடலாம்னு நானும் மாமாவும் முடிவு பண்ணியிருந்தோம். இந்த ஆனி முப்பதுக்குள்ள கெளம்பறதா இருந்தது. அபி எவ்ளோ அழுதும் கேக்கல. சாமான் ஏத்த லாரிக்குக்கூட சொல்லியாச்சு." முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "உங்க வாய்ஸ கேட்ட அன்னிக்கே லாரிய வேணாம்னுட்டேன்."

கையை விட்டு, குடையை விரித்து, மெதுவாக நடந்து போனார்.