நான் ஓடியதால் அப்பா செத்த சனிக்கிழமை

முப்பதுகளில் எங்கள் பக்கத்தில் ஒரு மனிதன் ஓடுவதற்கு நான்கே நான்கு காரணங்கள்தான் இருந்தன. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். வைக்கோல் போர் தீப்பிடித்திருக்க வேண்டும். பின்னால் போலீஸ்காரர் வர வேண்டும். இல்லாவிட்டால் யாராவது செத்துப்போய், அந்தச் சேதியைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லப் போக வேண்டும். ஒரு வெள்ளிக் கேடயத்துக்காக ஒருவன் வேகாத வெயிலில் ஐந்து மைல் ஓடுவான் என்று சொன்னால் சிங்காநல்லூர் சுற்றுவட்டாரத்தில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஓடினேன். அதுதான் நான் படித்த படிப்பின் லட்சணம். (அந்தப் படிப்பும் ஐந்தாம் பாரத்தோடு, இப்போதைய கணக்கில் பத்தாம் வகுப்போடு, நின்றுபோனது. அதற்கும் இந்த ஓட்டம்தான் காரணம்.)

நான் படித்தது ஒரு போர்டு ஹைஸ்கூல். அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. எங்கள் ஹெட்மாஸ்டர் அதைத் தம் கைப்பட ஒரு தடித்த நோட்டில் எழுதிவந்தார். முதல் அத்தியாயம், பள்ளிக்கூடம் ஒரு பருத்திக் கிடங்கில் தொடங்கியதைப் பற்றி. இரண்டாம் அத்தியாயம், பருத்தி விலை ஏறியதும் கிடங்குக்காரர் பள்ளிக்கூடத்தைத் தெருவில் தள்ளியதைப் பற்றி. (ஹெட்மாஸ்டர் அதற்கு 'இடமாற்றம்' என்று கௌரவமாகப் பெயர் வைத்திருந்தார்.) மூன்றாம் அத்தியாயம் 'தேகப் பயிற்சியில் நம் பள்ளி'. அதில் தலைப்பு மட்டும்தான் இருந்தது. ஆண்டு விழாவில் சரித்திரத்தை வாசிக்கும்போது அந்த இடம் வந்ததும் ஒரு இருமல் இருமிவிட்டு நான்காம் அத்தியாயத்துக்குப் போய்விடுவார்.

பாவம், அவர்தான் என்ன எழுதுவார்? ஹாக்கியில் எங்களை யாரும் ஜெயித்ததில்லை. எங்களிடம் மட்டை கிடையாது. கயிறு இழுப்பதில் ஒரு தடவை கடைசிச் சுற்று வரை போனோம். கயிறு அறுந்து இரண்டு கட்சியும் மல்லாந்தன. அதில் எங்கள் பையன்கள்தான் முதலில் எழுந்தார்கள் என்பதை டிரில் மாஸ்டர் ஒரு வெற்றியாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த டிரில் மாஸ்டர் பட்டாளத்தில் இருந்து மெசபடோமியா வரை போய்வந்தவர். அங்கிருந்து ஒரு விசிலும் அடங்காத ஆசையும் கொண்டுவந்திருந்தார். ஜில்லாப் பள்ளிக்கூடங்களுக்கான ஐந்து மைல் ஓட்டம் அந்த வருஷம் எங்கள் மைதானத்தில் நடக்கப்போகிறது என்று தெரிந்ததும், அவர் கண் என்மேல் விழுந்தது.

"ஏண்டா குமாரசாமி, காலைல பள்ளிக்கூடத்துக்கு எப்பிடிடா வாரே?"

"ஓடித்தானுங்க சார்."

"எதுக்கு?"

"மணி அடிச்சுப்போட்டா என்னங்க பண்றது?"

"நீ வரும்போது மணி அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் கெடக்குதேடா!"

"அதானுங்க சார். ஒருவேளை அடிச்சுப்போட்டா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பிறவிக் கவலைக்காரன். கிணற்றைப் பார்த்தால் விழுந்துவிடுவேனோ என்று கவலை. தாண்டிப் போய்விட்டால் அடுத்த கிணறு எங்கே இருக்கிறதோ என்று கவலை. என் கால்களில் இருந்தது பலம் இல்லை, பயம். அதையே வேகம் என்று அவர் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டார்.

என்னுடைய அப்போதைய பெரிய கவலை, அக்காவின் கல்யாணம். அது நிச்சயமாகியிருந்தது, ஆனால் லேசில் ஆகவில்லை. முதல் இடம் பல்லி சொன்னதில் போயிற்று. இரண்டாவது இடம் பூனை குறுக்கே வந்ததில் போயிற்று. மூன்றாம் இடத்தார் வாசல் வரைக்கும் வந்து, என்னுடைய தும்மலில் திரும்பிப் போனார்கள். (ஒற்றைத் தும்மல். இரட்டையாகத் தும்மியிருந்தால் நல்ல சகுனமாம். முயன்றேன். வரவில்லை.) நாலாவதாக அமைந்த இடம் சிங்காநல்லூர்க் குளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டம். மாப்பிள்ளை நல்ல மனிதர். மாப்பிள்ளையின் அம்மா சகுனம் பார்ப்பதில் ஜோசியரையே திருத்துகிறவர்.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் கெணத்துல குதிச்சுருவேன். அதுக்கு முந்தி உன்னையத் தள்ளிப்போட்டுத்தான் குதிப்பேன்," என்று அக்கா என்னிடம் சொல்லியிருந்தாள். (கிணறு என்றதும் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

அப்பாவும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "கல்யாணம் முடியற மட்டும் ஓட்டம் கீட்டம்னு எங்கியும் போகாதே. பொட்டாட்ட, சத்தமில்லாம ஊட்டுல கெட."

போட்டி சனிக்கிழமை காலையில். அப்பா எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். மத்தியானம் வரை வாசலைத் தாண்ட மாட்டார். ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மைதானத்தில் போய் நின்ற பிறகுதான் டிரில் மாஸ்டர் வழியைச் சொன்னார். வண்டித் தடத்திலேயே போய், சிங்காநல்லூர்க் குளத்துக்கரையைத் தொட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டுத் தோட்டத்து வழியாகத் திரும்பி வர வேண்டும்.

நிச்சயம் செய்த வீட்டைத் தாண்டிப் போகிறவன் உள்ளே போய் ஒரு வாய் மோராவது குடிக்காமல் போனால் அது அவமானம். வெற்று மார்போடு, வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு போய் நின்றால் அது அதைவிட அவமானம். ஆகவே ஒரு யோசனை செய்தேன். வீட்டு வாசல் பக்கமே போகாமல், பின்னாலிருக்கும் சோளக் காட்டுக்குள் புகுந்து வெளியேறிவிடுவது. (என் வாழ்க்கையில் நான் செய்த யோசனைகளை எல்லாம் எழுதினால் அதுவே ஒரு எச்சரிக்கைப் புத்தகம் ஆகும்.)

விசில் ஊதியது. முதல் அரை மைல் ஒரு நாய் துரத்தியதில் நான் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். அது நின்றுவிட்டதா என்று திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாததால் அடுத்த இரண்டு மைலும் அதே வேகம். குளத்துக்கரையில் டிரில் மாஸ்டர் சைக்கிளில் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். கையில் ஒரு குடம் தண்ணீர்.

"மொதல்ல வாரேடா! மொதல்ல வாரே!" என்று கத்திக்கொண்டே குடத்தை அப்படியே என் தலையில் கவிழ்த்தார். "தலை சூடேறக் கூடாது!" என்று ஈரத் துண்டு ஒன்றை எடுத்து என் தலையில் போட்டார். மார்பில் சுண்ணாம்பால் எழுதியிருந்த நம்பர் கரைந்து வயிறு வரை வெள்ளை வெள்ளையாக வழிந்தது. "ஓடு! மூணாம் அத்தியாயம் உன்ர கால்லதான் இருக்குது!"

ஓடினேன். ஒரு மைலில் சோளக் காடு வந்தது. புகுந்தேன். சோளம் ஆள் உயரத்துக்கு இருந்ததால் திசை தெரியவில்லை. வெளியே வந்து பார்த்தால் நான் நிற்பது மாப்பிள்ளை வீட்டு மாட்டுத்தொட்டிக்கு நேர் எதிரே. தொட்டிக்கு அந்தப் பக்கம் அத்தை, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, கையில் மாட்டுக்குப் போடும் சோளத்தட்டுக் கட்டோடு.

அவர் கண்ணால் ஒரு நிமிஷம் என்னைப் பாருங்கள். சம்பந்தி வீட்டுப் பையன். வெற்று மார்பு. தலையில் ஈரத் துண்டு. உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து, திருநீறு கரைந்தது மாதிரி வெள்ளைக் கோடுகள். வாய் பேச முடியாத மூச்சிரைப்பு.

தட்டுக் கட்டு கீழே விழுந்தது. "என்ன கண்ணு? ஏங்கண்ணு இப்பிடி ஓடியாறே?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு எப்படியோ சொன்னேன். "ஒண்ணுமில்லீங்க அத்தை."

இதைவிட மோசமான வார்த்தையை நான் சொல்லியிருக்க முடியாது. எழவு சொல்ல வருகிற எவனும் எடுத்த எடுப்பில் எழவைச் சொல்வதில்லை. ஒன்றுமில்லை என்றுதான் ஆரம்பிப்பான்.

அத்தை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஏனுங்க! ஓடி வாங்க! ஒண்ணுமில்லேங்கறானுங்க!"

மாமா, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, கிணற்றுமேட்டிலிருந்து ஓடிவந்தார். "ஆருக்கு கண்ணு?"

"ஆருக்கும் இல்லீங்க மாமா. ஓட்டப் பந்தயமுங்க. கேடயத்துக்காக ஓடறமுங்க."

மாமா அத்தையைப் பார்த்தார். "பையனுக்குப் புத்தி கலங்கிப்போச்சு. அப்பன் மேல உசுரா இருந்தவனாச்சே."

"அய்யோ, அப்பா நல்லா இருக்காருங்க! எண்ணெய் தேச்சுக் குளிச்சுக்கிட்டு இருக்காருங்க!"

"அதுக்குள்ள குளிப்பாட்டிப்போட்டாங்களா!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார்.

இந்த நேரத்தில் சோளக் காட்டிலிருந்து இன்னொருவன் வெளியே வந்தான். தாராபுரத்துப் பள்ளிக்கூடத்துப் பையன். இரண்டாவதாக ஓடிவந்தவன், நான் போவதுதான் வழி என்று நம்பி என் பின்னாலேயே வந்திருக்கிறான். அவனும் வெற்று மார்பு, அவனும் மூச்சிரைப்பு.

"பாருங்க, ரெண்டாளா அனுப்பியிருக்காங்க! சந்தேகமே இல்லை!" என்றார் அத்தை.

அவன் தொட்டியிலிருந்து இரண்டு கை தண்ணீர் அள்ளிக் குடித்தான். ஒரு வார்த்தை பேசாமல் ஓடிப்போனான்.

"பாத்தீங்களா? வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லாமப் போறான்!" என்று அத்தை அலறினார். எழவு விஷயத்தில் மட்டும்தான் எங்கள் பக்கத்தில் போய்வருகிறேன் என்று சொல்லாமல் போவார்கள். அதோடு அப்பா முழுசாகச் செத்துப்போனார். மாமா வண்டி பூட்ட ஓடினார். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் நாலு பேர் சத்தம் கேட்டே அழுதுகொண்டு வந்தார்கள்.

எனக்கு முன்னால் இரண்டு வழிகள். இடது பக்கம் போனால் மைதானம். தாராபுரத்தான் முதுகு இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது, எட்டிப் பிடித்துவிடலாம். வலது பக்கம் போனால் ஒரு மைலில் எங்கள் வீடு. வண்டிக்கு முன்னால் போய்ச் சொல்லாவிட்டால், கல்யாண வீட்டு வாசலில் ஒப்பாரியோடு சம்பந்திகள் இறங்குவார்கள். அதற்கு மேல் அக்காவுக்கு ஏது கல்யாணம்?

வலது பக்கம் திரும்பினேன். அன்று நான் உண்மையில் ஓடியது அந்த ஒரு பர்லாங்குதான். டிரில் மாஸ்டர் பார்த்திருந்தால் ஆனந்தத்தில் அழுதிருப்பார். ஆனால் பின்னால் வந்தவை காங்கேயம் காளைகள். பர்லாங்கு முடிவதற்குள் வண்டி என்னைப் பிடித்துவிட்டது.

"கொள்ளி வெக்க வேண்டிய பையன் நடந்தா வாரது? தூக்கிப் போடுங்க!" என்றார் அத்தை. தூக்கிப் போட்டார்கள். அத்தை என் தலையைத் தம் தோளோடு அழுத்திக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம், "அழுதுரு கண்ணு, அழுதுரு," என்று இன்னும் இறுக்கினார்.

எங்கள் வீட்டு வாசல். அப்பா கோவணத்தோடு பலகைமேல் உட்கார்ந்து, தலையிலிருந்து கால்வரை எண்ணெய் வழிய முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தி வண்டி வந்து நின்றது. உள்ளே ஐந்து பெண்கள் அலறுகிறார்கள். நடுவில் தன் பையன், தலையில் ஈரத் துண்டோடு. வண்டியில் மாப்பிள்ளையைக் காணோம்.

அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அய்யோ மாப்ளே!" என்று கூவிக்கொண்டு, எண்ணெயோடு ஓடிவந்து மாமாவைக் கட்டிக்கொண்டார். "கல்யாணத்துக்கு முந்தியே போயிட்டாரா!"

யாருடைய எழவுக்கு வந்தாரோ அந்த ஆளே கட்டிக்கொண்டு அழுததில், மாமாவும் பதிலுக்குக் கட்டிக்கொண்டார். எண்ணெய் வழுக்கியதால் பிடி நழுவி நழுவி மறுபடி மறுபடி கட்டிக்கொண்டார்கள்.

"நீங்க... நீங்க உசுரோட இருக்கறீங்களா?"

"நான் இருந்து என்னுங்க பிரயோசனம், மாப்ள போயிட்டாரே!"

"அவன் சந்தைக்குப் போயிருக்கானுங்க!"

அழுகை நின்றது. எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, கிணற்றைப் பார்த்தாள்.

அத்தைதான் மெல்ல வண்டியை விட்டு இறங்கினார். அப்பாவைச் சுற்றிவந்து மேலும் கீழும் பார்த்தார்.

"உசுரோட இருக்கறவருக்கு ஒப்பாரி வெச்சாச்சு," என்றார். "இவருக்கு இருந்த கண்டம் இன்னியோட கழிஞ்சுபோச்சு. என்ர மகனுக்கும் சேத்து அழுதாச்சு, அவனுக்கும் கழிஞ்சுது. இந்தக் கல்யாணத்துக்கு இனி ஒரு கொறையும் வராது." பிறகு அக்காவைப் பார்த்து, "ஏன் அம்மணி நிக்கறே? மோர் கொண்டா, தொண்டை காஞ்சு கெடக்குது," என்றார். அக்கா மோர்ப்பானையை எடுத்துக்கொண்டு ஓடினாள். (அன்று ஓடியவர்களில் ஜெயித்தது அவள்தான்.)

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. ஆனால் அத்தை ஒரு நிபந்தனை போட்டார், இந்தப் பையன் இனிமேல் ஓடக் கூடாது. அப்பா அதற்கு மேலேயே போய், ஓடவைத்த பள்ளிக்கூடமே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டார்.

திங்கட்கிழமை என் புத்தகங்களை எடுக்கப் போனபோது டிரில் மாஸ்டர் என் கதையை முழுக்கக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்கப்பன் நெசமாச் செத்திருந்தாலாவது ஒரு அர்த்தம் இருந்திருக்குமேடா!" ஹெட்மாஸ்டர் அதற்குள் மூன்றாம் அத்தியாயத்தில் முதல் வாக்கியத்தை எழுதிவிட்டிருந்தார்: 'நம் பள்ளி மாணவர் ஒருவர் ஏறக்குறைய நான்கு மைல் வரை முதலாவதாக வந்தார். அதன்பின் அவரைக் காணவில்லை.'

அத்தையின் கணக்குப்படியே அப்பா அதற்குப் பிறகு இருபது வருஷம் திடமாக இருந்தார். அவர் நிஜமாகவே போனபோது, அக்கா வீட்டுக்கு யாரை அனுப்புவது என்று பெரிய யோசனை நடந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரைச் சட்டை போடச் சொல்லி, தலையைத் துவட்டச் சொல்லி, மெதுவாக சைக்கிளில் போகச் சொன்னோம். அத்தைக்கு அப்போது நல்ல வயதாகியிருந்தது. வந்து இறங்கியதும் எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். அவர் அழவில்லை. நேராகப் போய், குனிந்து, அப்பாவின் மூக்கருகே விரலை வைத்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"இந்த வாட்டி நெசந்தான் கண்ணு," என்றார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து ஒப்பாரியை ஆரம்பித்தார். அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று வந்தவர்கள் நினைத்தார்கள்.

இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. கவலைக்காரன்தானே, லேசாகக் காய்ச்சல் அடித்தாலும் அக்காவுக்கு ஆள் அனுப்பிவிடுகிறேன். அவள் உடனே கிளம்பி வருவதில்லை. நெசமாலுமா என்று கேட்டுக்கொண்டு வரச் சொல்லி, வந்த ஆளைத் திருப்பி அனுப்புகிறாள்.